பழைய அச்சு, புதிய காசு

பழைய காசின் உருவம் இரண்டு வழிகளில் திரும்பி வரலாம். நாணயச்சாலை பழைய அச்சைப் பார்த்துப் புதிய அச்சு வெட்டி, பளபளக்கும் காசுகளைப் பெட்டியில் வைத்துச் சேகரிப்பாளர்களுக்கு விற்கலாம். அல்லது அதே உருவத்தை அன்றாடச் சில்லறையில் பொறித்து, பேருந்துக் கட்டணமாகவும் காய்கறி விலையாகவும் கைமாற விடலாம். முதல் வழியில் வணிகத்துக்கு மேல் கேள்வி எதுவும் எழுவதில்லை. இரண்டாவது வழியில் சமயமும் தத்துவமும் நுழைந்துவிடுகின்றன. உருவம் திரும்பினால் அதை ஒரு காலத்தில் தாங்கி நின்ற நம்பிக்கையும் திரும்புகிறதா? தெய்வத்தின் முகம் சாராயக்கடைக் கல்லாவில் கிடக்கலாமா? வழிபடுவோர் யாரும் இல்லாமல் போன தெய்வத்தின் சின்னம் இன்றைய காசில் எதைக் குறிக்கிறது?

கிரேக்க மொழியில் காசுக்கு நோமிஸ்மா என்று பெயர். சட்டம், வழக்கம் என்று பொருள்படும் நோமோஸ் என்ற சொல்லின் வழிவந்தது அது. அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாகிய அறவியலின் 5-ஆம் பகுதியில் இந்தச் சொல்லுறவை எடுத்துக்காட்டுகிறார். பணத்துக்கு நிலைபேறு தருவது வழக்கம். இயற்கைக்கு அதில் பங்கில்லை. ஆகவே அதை மாற்றவும் பயனற்றதாக்கவும் மனிதரால் முடியும் என்பது அவர் கருத்து. அவர் காலத்திலேயே வாழ்ந்த சினோப்பே நகரத்து டயோஜெனிஸ் இதே உறவைத் தலைகீழாகப் பிடித்தவர். அவரோ, காசுமாற்றுக்காரரான அவருடைய தந்தையோ ஊர்க் காசைக் கெடுத்ததால் நாடு கடத்தப்பட்டார் என்பது பழங்கதை. சினோப்பேயில் உளியால் வெட்டிக் கெடுத்த கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் காசுகள் உண்மையிலேயே கிடைத்திருக்கின்றன. காசைக் கெடுப்பது என்ற தொடரையே டயோஜெனிஸ் பிற்பாடு தம் கொள்கையாக்கிக்கொண்டார்: ஊரார் கேள்வியின்றி ஏற்கும் வழக்கங்களின் முத்திரையை அழிப்பதே அவர் கண்ட தத்துவம். காசின் முகத்தை மாற்றுவது வழக்கத்தின் முகத்தை மாற்றுவது என்றால், பழைய முகத்தை மீட்பது பழைய வழக்கத்தை மீட்க முயல்வதாகும். அந்த முயற்சி பலிக்குமா என்பதுதான் வினா.

தமிழில் இந்த உறவு வேறு விதமாக அமைந்திருக்கிறது. நாணயம் என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிக்கும். அதைவிடக் கூர்மையானது, காசைப் பற்றிச் சொல்லும்போது தமிழர் பயன்படுத்தும் வினை. காசு செல்லும், அல்லது செல்லாது. மதிப்புடையதாக இருப்பதும் இடம்விட்டு இடம் போவதும் இங்கே ஒரே சொல். சட்டம் எவ்வளவு முத்திரை குத்தினாலும் கையிலிருந்து கைக்குப் போகாத காசைச் செல்லும் காசு என்று சொல்ல நா எழுவதில்லை. பழைய வடிவம் திரும்பி வந்ததா இல்லையா என்று அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது.

முதலில் ஏதென்ஸ். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அந்நகரம் லாவ்ரியோன் சுரங்க வெள்ளியில் அடித்த நான்கு திராக்மாக் காசு சுமார் 17 கிராம் எடை கொண்டது. ஒரு பக்கம் அத்தீனா தேவியின் தலை. மறுபக்கம் அவளுடைய ஆந்தை, ஒலிவக் கொப்பு, நகரப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள். மத்தியதரைக் கடலெங்கும் அது சென்றது. மக்கள் அதை ஆந்தை என்றே அழைத்தார்கள். பார்த்தெனான் எழுந்துகொண்டிருந்த, சிற்பக்கலை உச்சத்தில் இருந்த காலத்திலும் இந்தக் காசில் அத்தீனாவின் கண் பழைய பாணியிலேயே, பக்கவாட்டு முகத்தில் நேர்முகக் கண்ணாக நின்றது. சிற்பிகளுக்குத் தெரியாமல் இல்லை. பழகிய முகத்தை மாற்றினால் அயலூர் வணிகர் ஐயப்படுவர் என்பதே காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆக, அந்த ஆந்தை தன் சொந்தக் காலத்திலேயே பழைய வடிவம்தான்.

2002-ல் யூரோ புழக்கத்துக்கு வந்தபோது கிரேக்க நாட்டின் 1 யூரோக் காசில் அந்த ஆந்தை மீண்டும் அமர்ந்தது. காசை வடிவமைத்த யோர்கோஸ் ஸ்டமடோபூலோஸ் பழங்காசின் பின்பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். காப்பிக் கடையிலும் பெட்டிக் கடையிலும் இன்று அது சாதாரணமாகக் கைமாறுகிறது. கிரேக்க மக்களில் மிகப் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள். அத்தீனாவின் கோயிலான பார்த்தெனானே பல நூற்றாண்டுகள் கன்னி மரியாளின் தேவாலயமாக இருந்தது. இருந்தும் பிறசமயத் தேவியின் பறவை காசில் வந்ததை அங்கே யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. காரணம் எளியது: அத்தீனாவுக்குப் போட்டியாக நிற்கும் வலு இன்று இல்லை. வழிபாடு நின்றுபோன தெய்வத்தின் சின்னத்தால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆந்தை திரும்பியது, அதோடு வந்தது பக்தி அல்ல, ஊர்ப்பெருமை. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: தேவியின் முகம் வரவில்லை, பறவை மட்டுமே வந்தது.

வழிபாடு உயிரோடு இருக்கும்போது நிலைமை முற்றிலும் வேறு. இதற்குப் பைசாந்தியப் பேரரசைவிடத் தெளிவான சான்று கிடையாது. பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியன் கி.பி. 690-களின் தொடக்கத்தில், பொற்காசின் முன்பக்கத்தில் முதன்முறையாக இயேசு கிறிஸ்துவின் முகத்தை வைத்தார். நீண்ட கூந்தல், தாடி, தலைக்குப் பின்னால் சிலுவை, ஆசி வழங்கும் வலக்கை, இடக்கையில் நற்செய்தி நூல். பேரரசர் பின்பக்கத்துக்கு நகர்ந்து, சிலுவை பிடித்து நிற்கும் கிறிஸ்துவின் ஊழியனாகத் தம்மைக் குறித்துக்கொண்டார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கம் கிறிஸ்துவை ஆட்டுக்குட்டியாக வரையாமல் மனித உருவிலேயே வரைய வேண்டும் என்று விதித்தது. தரையில் சிலுவை பொறிக்கக் கூடாது, கால்பட்டு மிதிபடும் என்றும் அதே சங்கம் விதித்தது. சிலுவை காலில் மிதிபடக் கூடாது. கிறிஸ்துவின் முகம் கைகளில் தேயலாம். இதில் முரண் இருப்பதாக அக்காலத்தவர் கருதியதாகத் தெரியவில்லை. தமிழர் வழக்கமும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. காசு காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவர்கள், அது மடியிலும் முந்தானையிலும் கிடந்து தேய்வதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

8-ஆம் நூற்றாண்டில் உருவ எதிர்ப்பு இயக்கம் அரசுக் கொள்கையானது. தேவாலயங்களில் திருவுருவங்கள் அகற்றப்பட்டன. காசிலிருந்து கிறிஸ்துவின் முகம் அதற்குச் சற்று முன்பே மறைந்துவிட்டிருந்தது. இயக்கம் நீடித்த காலம் முழுவதும் அது திரும்பவில்லை. அங்கே பேரரசரும் அவர் மகனும் பாட்டனாரும் நிறைந்தார்கள். திருவுருவம் கூடாது என்ற அரசு தன் முகத்தை மட்டும் தயங்காமல் பொறித்துக்கொண்டது. இந்த முரணை வெளிப்படையாகக் காட்டும் ஒரு நிகழ்ச்சியைத் துறவி இளைய ஸ்தேவானின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஐந்தாம் கான்ஸ்டான்டைன் முன்னால் நிறுத்தப்பட்ட அவர், பேரரசர் முகம் பொறித்த காசு ஒன்றைக் காட்டி, இதை மிதித்தால் தண்டனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றார்கள். அப்படியானால் கிறிஸ்துவின் உருவத்தை அவமதிப்பவர்களுக்கு என்ன தண்டனை என்று கேட்டுவிட்டு, காசைத் தரையில் போட்டு மிதித்தாராம். புனிதர் வரலாறுகளில் மிகை இருக்கும், இதிலும் இருக்கலாம். ஆனால் வாதம் பழுதற்றது. உருவத்துக்குச் செய்வது உருவத்துக்கு உரியவரைச் சேரும் என்பதைக் காசு விஷயத்தில் அரசே ஒப்புக்கொண்டிருந்தது. அடுத்த தலைமுறையில் ஸ்தூதியோன் மடத்துத் தலைவர் தியோடோர் இதையே முத்திரை உவமையால் விளக்கினார்: முத்திரை மோதிரம் ஒன்று, மெழுகில் விழும் பதிவு வேறு, பொருளால் இரண்டு, உருவால் ஒன்று.

கி.பி. 843-ல் உருவ வழிபாடு மீட்கப்பட்டது. சிறுவன் மூன்றாம் மைக்கேலுக்காக ஆட்சி நடத்திய தாய் தியோடோராவின் முடிவு அது. அதன்பின் அடித்த பொற்காசில் கிறிஸ்துவின் முகம் திரும்பி வந்தது. புதிதாக வரையவில்லை, 150 ஆண்டுக்கு முந்தைய இரண்டாம் ஜஸ்டினியன் காசைப் பார்த்து அச்சு வெட்டினார்கள். ஜஸ்டினியன் ஆட்சியில் கிறிஸ்துவின் முகம் இரண்டு வகையாக வந்திருந்தது: முதல் ஆட்சியில் நீண்ட கூந்தலுடன், இரண்டாம் ஆட்சியில் குறுகிய சுருள்முடியுடன். தேர்ந்தெடுத்தது முதலாவதை. பழைய காசு வடிவம் ஒன்று முழுப்பொருளில் திரும்பி வந்தது என்று சொல்ல உலக வரலாற்றில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை எனலாம். அழகுக்காகவோ பழமைப் பற்றுக்காகவோ அது திரும்பவில்லை. நடுவில் வந்தவர்கள் தவறு செய்தார்கள், அதற்கு முன்பிருந்ததே சரி என்ற தீர்ப்பைப் பேரரசின் ஒவ்வொரு சந்தைக்கும் எடுத்துச் செல்லும் அறிக்கையாக அந்தப் பொற்காசு இருந்தது.

பொற்காசு ஏழைகளின் கைக்கு எளிதில் வராது. அடுத்த படி 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முதலாம் ஜான் ட்சிமிஸ்கெஸ் காலத்தில் நடந்தது. செப்புக் காசிலிருந்து பேரரசரின் முகமும் பெயரும் நீங்கின. ஒரு பக்கம் கிறிஸ்துவின் முகம். மறுபக்கம் அவரை மன்னர்களின் மன்னர் என்று கூறும் வாசகம். அதற்குப் பின் சுமார் நூறு ஆண்டுகள் ரொட்டியும் மீனும் வாங்கிய சில்லறை இதுதான். அருங்காட்சியகங்களில் உள்ள இந்தச் செப்புக் காசுகள் பலவற்றில் முகம் தேய்ந்து, தலையைச் சுற்றிய ஒளிவட்டம் மட்டும் எஞ்சியிருக்கிறது. புது வகை வந்தபோது பழைய காசையே தகடாக வைத்து அதன்மேல் அடித்திருக்கிறார்கள். கிறிஸ்துவின் முகத்தின்மேல் கிறிஸ்துவின் முகம் சுத்தியலால் இறங்கியது. உருவங்களுக்காக ஒரு நூற்றாண்டுக்கு மேல் சண்டையிட்ட சமுதாயம் இதை இழிவாக எண்ணவில்லை. புனிதம் தேய்மானத்தால் குறையாது என்று அது நம்பியது.

எல்லாரும் அப்படி நம்பவில்லை. உமய்யாத் கலீபா அப்துல் மலிக் கி.பி. 696-97-ல் உருவங்களை அறவே நீக்கி, எழுத்து மட்டுமே கொண்ட தீனாரை வெளியிட்டார். அதில் குர்ஆன் வசனங்கள் இருந்தன. ஈராக்கில் அவருடைய ஆளுநர் அல்-ஹஜ்ஜாஜ் அடித்த திர்ஹம்களில் இறைவசனம் இருப்பதைப் பக்தியுள்ள சிலர் வெறுத்தார்கள் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். உடல் தூய்மையற்ற நிலையில் உள்ளவரும் அதைத் தொடுவார்களே என்பது அவர்கள் கவலை. உருவம் இருந்தாலும் எழுத்து இருந்தாலும் சிக்கல் ஒன்றுதான்: காசைத் தொட யாருக்கும் தடை போட முடியாது.

யூத மரபில் இந்தச் சிக்கலுக்கு நீண்ட வரலாறு உண்டு. எருசலேம் ஆலயத்துக்கு ஒவ்வொரு யூத ஆணும் செலுத்த வேண்டிய அரைச் சேக்கல் வரியைத் தீர் நகரத்து வெள்ளிக் காசிலேயே கட்டினார்கள். அதில் மெல்கார்த் என்ற அயல் தெய்வத்தின் தலை இருந்தது. உருவ வழிபாட்டை இவ்வளவு கடுமையாக விலக்கிய ஆலயம் அந்தக் காசை ஏற்றுக்கொண்டது, வெள்ளி தரமாக இருந்ததால். சமய வரலாற்றில் இதுபோன்ற விட்டுக்கொடுத்தல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவ்வளவு நேரானது குறைவு. கி.பி. 66-ல் ரோமுக்கு எதிராக எழுந்தபோது கிளர்ச்சியாளர்கள் முதலில் செய்தவற்றில் ஒன்று, கிண்ணமும் மாதுளையும் பொறித்த சொந்த வெள்ளிச் சேக்கலை அடித்தது. கி.பி. 132-135-ல் பார் கோக்பா கிளர்ச்சியின்போது ரோமப் பேரரசர்களின் முகத்தை அராவியும் அடித்தும் அழித்து, அதன்மேல் ஆலய முகப்பையும் திராட்சைக் குலையையும் பொறித்தார்கள்.

1948-ல் உருவான இஸ்ரேல் தன் முதல் காசான 25 மில் அலுமினியக் காசில் அந்தத் திராட்சைக் குலையைத்தான் வைத்தது. அதன்பின் அங்கே அன்றாடக் காசுகள் பெரும்பாலும் பழங்காசு வடிவங்களையே எடுத்தாள்கின்றன. 1 சேக்கலில் உள்ள அல்லிமலர் பாரசீக ஆட்சிக்கால யெஹூத் காசிலிருந்து வந்தது. 10 சேக்கலில் உள்ள பேரீச்ச மரம் முதல் கிளர்ச்சிக் காசிலிருந்து வந்தது. சீயோனின் மீட்புக்காக என்ற பழைய வாசகம் அதில் புது எழுத்திலும் பழைய எழுத்திலும் உள்ளது. 10 அகோரா காசில் ஏழு கிளை விளக்கு இருக்கிறது. அஸ்மோனிய வம்சத்தின் கடைசி அரசர் அந்திகோனஸ் மத்தத்தியாஸ், ஏரோதும் ரோமப் படையும் நெருங்கி வந்த கி.மு. 40-37 காலத்தில் அடித்த சிறு செப்புக் காசின் உருவம் அது. தோற்றுப்போன அரசனின் கடைசிக் காசு, இருபது நூற்றாண்டுக்குப் பின் சில்லறையாக வந்திருக்கிறது.

இங்கே திரும்பி வந்தது எது என்று கேட்டால் பதில் கேட்பவரைப் பொறுத்தது. 10 அகோரா காசில் விளக்குக்குப் பின்னால், பழைய காசுத் தகட்டின் ஒழுங்கற்ற விளிம்பும் கோடாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பாலஸ்தீனத் தலைவர் யாசர் அரபாத் 1990-ல் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. கூட்டத்தில் இந்தக் காசைக் காட்டி, அந்தக் கோடு விரிவுபடுத்திய இஸ்ரேலின் வரைபடம் என்றார். அது தேய்ந்த செப்புத் தகட்டின் ஓரம்தான் என்பது மூலக் காசைப் பார்த்தால் விளங்கும். ஆனாலும் அந்த வாசிப்பு வெறும் பிழை என்று தள்ளிவிட முடியாதது. ஒரு நிலத்தில் யார் முந்தியவர் என்ற வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, பழங்காசை மீட்டெடுப்பதே ஒரு வாதம். அதைக் கையில் வாங்குபவர் எதிர்த்தரப்பாகவும் இருக்கிறார். தேய்ந்த விளிம்பைக்கூட அவர் வாசிக்கத்தான் செய்வார்.

பழைய வடிவத்தை மீட்பதும் விடாமல் தொடர்வதும் வேறு வேறு. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த பொன் வராகன்களில் திருமால் நின்றார். மூன்று சாமி வராகனில் இரு தேவியரும் உடன் நின்றார்கள். விஜயநகர மரபில் வந்த வடிவங்கள் இவை. புராட்டஸ்டண்ட் வணிகர்கள் திருமால் உருவத்தை அடித்ததற்குச் சமயக் காரணம் ஏதும் கிடையாது. செட்டிமாரும் சராபுகளும் பழகிய முகத்தைத்தான் வாங்குவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், அவ்வளவே. தொடர்ச்சிக்கு நம்பிக்கை தேவையில்லை, பழக்கம் போதும். மீட்புக்குத்தான் யாராவது ஒருவர் ஏன் என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய காசு வடிவங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை இன்று உரத்து ஒலிக்கும் நாடு அமெரிக்கா. அங்கே 1792-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் காசில் சுதந்திரத்தைக் குறிக்கும் உருவம் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஆட்சியாளரின் முகம் மன்னராட்சியின் வழக்கம் என்று ஒதுக்கிவிட்டார்கள். சுதந்திரத்துக்கு உருவம் கொடுக்க அவர்கள் போன இடம் பழைய ரோம். அங்கே லிபெர்த்தாஸ் கோயில் கொண்ட தேவி. 1861-ல், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், பென்சில்வேனியாவைச் சேர்ந்த வாட்கின்சன் என்ற போதகர் நிதியமைச்சர் சேஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் குடியரசு அழிந்துபோனால், வருங்கால ஆய்வாளர்கள் காசில் உள்ள தேவியைப் பார்த்து நம்மைப் பிறசமயத்தவர் என்றல்லவா முடிவு செய்வார்கள் என்பது அவர் அச்சம். தேவியை நீக்க அவர் சொன்ன யோசனை ஏற்கப்படவில்லை. ஆனால் 1864-ல் 2 சென்ட் காசில் 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகம் ஏறியது. தேவியும் கடவுளும் ஒரே உலோகத் துண்டில் குடியேறியது இப்படித்தான்.

1905 வாக்கில் அதிபர் தியோடோர் ரூஸ்வெல்ட், பழங்கிரேக்கக் காசுகளின் புடைப்பழகில் மனம் பறிகொடுத்து, சிற்பி அகஸ்டஸ் செயின்ட் கோடன்ஸிடம் புதிய பொற்காசு செய்யச் சொன்னார். 1907-ல் வந்த 20 டாலர் காசு அமெரிக்கக் காசுகளில் மிக அழகானது என்று இன்றும் பலர் கருதுகிறார்கள். முதலில் செய்த மிகு புடைப்புக் காசை ஒருமுறை அடித்துப் பதிக்க முடியவில்லை, பல முறை அழுத்த வேண்டியிருந்தது, அடுக்கினால் நிற்கவில்லை. கடைசியில் புடைப்பைத் தாழ்த்தினார்கள். கிரேக்கக் கலையை மீட்கலாம், எந்திர யுகத்தின் வங்கி மேசையில் அதை அடுக்க முடியாது.

அந்தக் காசில் கடவுள் வாசகம் இல்லை. விட்டுவிடச் சொன்னவர் ரூஸ்வெல்ட்தான். எதிர்ப்பு எழுந்தபோது 1907 நவம்பரில் ஒரு போதகருக்கு அவர் எழுதிய விளக்கம் நாத்திகத்தின் வாதம் அல்ல, பக்தியின் வாதம். புனித வாசகத்தைக் காசில் போடுவதால் பயபக்தி வளர்வதில்லை. அது கேலிப்பேச்சுக்கும் துணுக்குக்கும் பொருளாகிறது. இது புனிதக் கேட்டுக்கு நெருங்கி வருகிறது என்றார். காங்கிரஸ் ஒப்பவில்லை. 1908 மே மாதச் சட்டத்தால் வாசகம் திரும்பியது. 1955-ல் எல்லாக் காசுக்கும் தாளுக்கும் அது கட்டாயமானது. மறு ஆண்டு நாட்டின் முழக்கமானது.

பிற்காலத்தில் அரசும் சமயமும் பிரிந்திருக்க வேண்டும் என்ற அரசியல் சட்ட விதியைக் காட்டி வழக்குகள் வந்தன. 1970-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த வாசகம் சடங்குத் தன்மையும் நாட்டுப்பற்றும் கொண்டது, சமயத்தை நிறுவுவது ஆகாது என்றது. 1984-ல் வேறொரு வழக்கில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி பிரென்னன், இத்தகைய வாசகங்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதாலேயே சமயப் பொருளை இழந்துவிட்டன, அதனால் அவற்றை அனுமதிக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். 1907-ல் ரூஸ்வெல்ட் அஞ்சியது இதைத்தான். அவர் கேடு என்று சொன்ன தேய்மானம், 77 ஆண்டுக்குப் பின் சட்டத்தின் பாதுகாப்புக் காரணமாகிவிட்டது. பக்தர்கள் இந்த வெற்றியைக் கொண்டாடுவதற்கு முன் ஒருமுறை யோசித்திருக்கலாம்.

பழைய வடிவத்தில் பொருள் தங்குவதில்லை என்பதற்கு இன்னொரு சான்று, 1916 முதல் 1945 வரை வந்த 10 சென்ட் காசு. சிற்பி வைன்மன் சிறகுத் தொப்பி அணிவித்தது சுதந்திரத் தேவிக்கு. எண்ணச் சுதந்திரத்தின் அடையாளம் அது. மக்கள் அதை ரோம வணிகத் தெய்வமான மெர்க்குரி என்று எண்ணி, மெர்க்குரிக் காசு என்றே அழைத்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது. பின்பக்கத்தில் கோடரியைச் சுற்றிக் கட்டிய கழிக்கட்டு, பழைய ரோமில் அதிகாரத்தின் சின்னம். முசோலினியின் கட்சி அதையே கொடியாக்கிக்கொண்டது. அமெரிக்கப் படைகள் இத்தாலியில் அந்தக் கட்சியின் ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ஆண்டுகளிலும் அமெரிக்க வீரனின் பையில் அதே கழிக்கட்டு இருந்தது. பழங்கொரிந்தியக் காசுகளில் காணும் ஸ்வஸ்திகத்தை இன்று எந்த ஐரோப்பிய நாடும் சில்லறையில் பொறிக்கத் துணியாது. உருவத்துக்கு இடையில் நேர்ந்தவற்றை அழித்துவிட்டுத் தொடக்கத்துக்குப் போக நாணயச்சாலைக்கு வழியில்லை.

மீட்கக் கோரும் பழைய வடிவங்களில் பல அமெரிக்காவில் திரும்பி வந்துவிட்டன என்று சொல்லலாம். 1986 முதல் செயின்ட் கோடன்ஸின் சுதந்திரத் தேவி ஒரு அவுன்ஸ் பொற்காசில் நிற்கிறாள். வைன்மனின் அரை டாலர்த் தேவி வெள்ளிக்காசில் நடக்கிறாள். 2021-ல் பழைய வெள்ளிக் காசுகளான மார்கன் டாலரும் அமைதி டாலரும் மீண்டும் அடிக்கப்பட்டன. எல்லாம் சட்டப்படி செல்லும் பணம். பொற்காசின் முகமதிப்பு 50 டாலர். அதிலுள்ள பொன்னின் விலை பல மடங்கு அதிகம். அதைக் கடையில் நீட்டுபவர் எவரும் இல்லை.

இந்திய நியாய தரிசனம் இந்த நிலையை விளக்கக் கச்சிதமான எடுத்துக்காட்டு ஒன்று வைத்திருக்கிறது. பசு என்ற சொல்லின் பொருள் தனிப்பொருளா, வடிவமா, இனத்தன்மையா என்று நியாய சூத்திரத்தின் 2-ஆம் அத்தியாயம் விசாரிக்கிறது. வியக்தி, ஆகிருதி, ஜாதி என்பன அவற்றுக்கான சொற்கள். மண்ணால் செய்த பசுவுக்குத் தனிப்பொருளும் உண்டு, வடிவமும் உண்டு. இருந்தும் பசுவைக் குளிப்பாட்டு, பசுவைக் கொண்டுவா, பசுவைத் தானம் கொடு என்றால் யாரும் மண் பசுவிடம் போவதில்லை. அதில் பசுத்தன்மை இல்லை. பெட்டிக்குள் வரும் மீள்பதிப்புக் காசும் மண் பசுதான். வடிவம் பிழையற்றது, உலோகம் அசலைவிடத் தூயதாகவும் இருக்கும். காசுத்தன்மை, அதாவது செல்லுதல், அதில் இல்லை. காசை வழக்கத்தின் பிள்ளை என்ற அரிஸ்டாட்டிலும் இதை மறுக்க மாட்டார்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அழகான பழைய வடிவத்தைச் சில்லறையில் விட்டால் கீறலும் அழுக்கும் சேர்ந்து அழிந்துவிடும். பெட்டியில் இருந்தால் பிழைக்கும் என்பார்கள். ரூஸ்வெல்ட் கடவுள் வாசகத்துக்காகச் சொன்னதை இவர்கள் கலைக்காகச் சொல்கிறார்கள். மதிப்பது உண்மைதான். ஆனால் காசை மதிக்கும் முறை அதுவல்ல. கையில் தேய்ந்த பைசாந்தியச் செப்புக் காசு தன் வேலையைச் செய்து முடித்தது. தேய்வதற்கென்றே அடிக்கப்பட்ட உருவம் அது. தேயாமல் காக்கப்படும் உருவத்துக்கு வேறு பெயர்கள் உண்டு: பதக்கம், படிமம், முதலீடு. அவை தாழ்ந்தவை அல்ல, காசு அல்ல என்பது மட்டுமே குறை.

உண்மையான மீட்பு ஒன்று அமெரிக்காவிலும் சத்தமில்லாமல் நடந்தது. 1932-ல் ஜார்ஜ் வாஷிங்டனின் 200-ஆவது பிறந்த ஆண்டுக்காகக் கால் டாலர் காசு வடிவமைத்தபோது, நுண்கலை ஆணையம் லாரா கார்டின் ஃப்ரேசரின் வடிவத்தைப் பரிந்துரைத்தது. நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெல்லன் அதைத் தள்ளி ஜான் ஃப்ளானகனின் வடிவத்தை ஏற்றார். ஃப்ரேசரின் வாஷிங்டன் 1999-ல் ஒரு நினைவுப் பொற்காசில் தலைகாட்டியது; 2022 முதல் கால் டாலரின் முன்பக்கமாகக் கோடிக்கணக்கில் புழக்கத்துக்கு வந்தது. மறுபுறம், 1933-ல் அடித்த செயின்ட் கோடன்ஸ் 20 டாலர் காசுகள் பொன் புழக்கம் நிறுத்தப்பட்டதால் வெளியிடப்படாமலே உருக்கப்பட்டன. தப்பிய ஒன்று 2021-ல் சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதைக் கொண்டு இதுவரை யாரும் எதையும் வாங்கியதில்லை. ஃப்ரேசரின் காசு 25 சென்ட்டுக்குச் செல்கிறது.